காசு கொடுத்தால் முதல் வரிசையா

எதையாவது இலவசமாகக் கொடுத்துப் பாருங்கள். வாங்கியவர்கள் அடுத்த நாளே அதிகாரம் பண்ண ஆரம்பித்துவிடுவார்கள். நான்கு வருடமாக எனக்கு அதுதான் நடக்கிறது. பழைய எழுத்துருக்களில் அடித்து வைத்த தமிழை இன்றைய கைபேசியில் படிக்கிற மாதிரி மாற்றித் தரும் ஒரு மென்பொருளை எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று இணையத்தில் திறந்து வைத்திருக்கிறேன். பத்திரிகைக்காரர்கள் எடுத்தார்கள், வக்கீல்கள் எடுத்தார்கள், பெரிய கம்பெனிகள் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டன. பழுது வந்தால் மட்டும் எல்லோருக்கும் இந்தக் கடப்பாக்கத்து ஃபர்சானாவின் ஞாபகம் வந்துவிடும்.

'விரும்பினால் பணம் அனுப்பலாம்' என்று ஒரு பொத்தானும் வைத்துப் பார்த்தேன். ஒருவர் ஐம்பது ரூபாய் அனுப்பி டீ குடிக்கச் சொன்னார். கூடவே நாலைந்து பழுதுகளைச் சொல்லி, சாயங்காலத்துக்குள் வேண்டும் என்றார். அந்த டீயை அவரே குடித்திருக்கலாம். வேலையை விட்டபோது சேர்த்து வைத்திருந்தது கரைந்துகொண்டே வந்தது. இப்படியே போனால் கடையைக் கட்ட வேண்டியதுதான் என்று எனக்கே தெரிந்தது.

அப்போதுதான் அயாஸ் ஒரு செய்தி கொண்டுவந்தார். என் வீட்டுக்காரர். நாவலூரில் வேலை, வாரமெல்லாம் அங்கேயே அறையெடுத்துத் தங்கி, சனிக்கிழமை ஊருக்கு வருவார். அவருடைய கம்பெனியும் என் மென்பொருளை வைத்துத்தான் சம்பாதிக்கிறது. மாதாமாதம் எனக்கு ஒரு சம்பளம் மாதிரித் தர அவருடைய மேலாளர் நிதின் ஒத்துக்கொண்டுவிட்டாராம். கேட்டதும் எனக்குக் கண் கலங்கிவிட்டது, அதை மறைப்பானேன். பின்னாலேயே நிபந்தனை வந்தது. அவர்கள் சொல்லும் பழுதை எப்போதும் முதலில் பார்க்க வேண்டும், மற்றவர்கள் காத்திருக்கட்டும்.

என்னிடம் முதலில் சொன்னவருக்கு முதலில், அவ்வளவுதான் சட்டம். அன்றைக்கு வரிசையில் முதலில் நின்றவர் கருங்குழியில் பத்திரம் எழுதும் கோதண்டராமன். பழைய பத்திரங்களை மாற்றும்போது அவருக்கு சர்வே எண்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. அவருக்குப் பின்னால் ஐந்து பேர். அதற்கும் பின்னால்தான் நிதினின் கம்பெனி.

முடியாது என்றேன். அயாஸ் பொறுமையாகத்தான் பேசினார். காசு தருகிறவனுக்கு ஒரு மரியாதை வேண்டாமா, பத்திரம் எழுதுகிறவர் நாலு நாள் பொறுத்தால் என்ன குடிமுழுகிப் போய்விடும் என்று கேட்டார். எனக்குச் சுள்ளென்று வந்தது. எங்கள் ஜமாஅத்துக்கு வீடு வீடாகப் போய் சந்தா வசூலிப்பவரே இவர்தான். பள்ளிவாசல் தரை முழுக்க கிரானைட் போட்டுக் கொடுத்த அரிசி மண்டி ஹயாத் பாஷா, இவர் லீவில் ஊரிலிருந்த ஒரு வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குத் தாமதமாக வந்து, செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் நின்று தொழுதுவிட்டுப் போனார். அப்பாவுக்கு முன்வரிசையில் இடம் கேட்ட மகனை, முதலில் வந்தவருக்குத்தான் முன்வரிசை என்று மடக்கியவர் இதே அயாஸ். அன்று அதைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லி இரண்டு தட்டு பிரியாணி சாப்பிட்டார்.

"இன்னாங்க, கிரானைட் போட்டவருக்கே மொத வரிசை கெடையாது. ஒங்க நிதினுக்கு மட்டும் இன்னாத்துக்கு?" என்றேன்.

"அது பள்ளிவாசலு. இது வேல."

"எனுக்கு ரெண்டும் ஒண்ணுதான். சந்தா குடுக்கட்டும், வாங்கிக்கிறேன். வரிசையில கை வெக்கக் கூடாது."

அதையே கொஞ்சம் நாகரிகமாக நிதினுக்கு எழுதினேன். நிபந்தனை இல்லையென்றால் பணமும் இல்லை என்று ஒரே வரியில் பதில் வந்தது. அந்தப் பணம் எனக்குத் தேவைதான். ஆனால் ஒருமுறை இடம் விட்டேனென்றால் அப்புறம் அது என் மென்பொருள் இல்லை, நிதினுடையது.

புதன்கிழமை காலையில் அயாஸ் போன் செய்தார். அவர்கள் சொன்ன பழுதால் ஒரு வங்கி வேலை நின்றுபோயிருந்தது. தாங்களாகவே திருத்தி வைத்துக்கொள்ளலாம்தான், ஆனால் நான் வெளியிடும் பதிப்பில் இருந்தால்தான் வங்கி ஏற்குமாம். நிதின் அவரைப் போட்டுக் குடைந்துகொண்டிருந்தார்.

"ஒரே பேஜாரா கீது ஃபர்சானா. இந்த ஒரு தபா மட்டும்."

எனக்கு அது அரை மணி நேர வேலை. அவர் குரலைக் கேட்கவும் பாவமாக இருந்தது. மவுஸைப் பிடித்து அந்தப் பழுதைத் திறந்துகூட விட்டேன். திறந்ததும் கோதண்டராமன் நினைவு வந்தது. அவர் கேட்டு மூன்று வாரம் ஆகிறது, ஒரு தடவைகூட அவசரப்படுத்தவில்லை. மூடிவிட்டேன்.

"ஒங்களுக்கும் புரோகிராம் எழுதத் தெரியும். அங்க எத்தினி பேரு குந்திகினு கீறீங்க. முன்னாடி நிக்கிற ஆறு பேருக்கும் நீங்களே சரி பண்ணிக் குடுங்க. அப்பால ஒங்களுதுதான்," என்றேன்.

அந்தப் பக்கம் அயாஸ் யாரிடமோ பேசுவது கேட்டது, போன் வைக்கப்பட்டது.

மத்தியானம் பார்த்தால், வரிசையில் நின்ற ஆறு பழுதுக்கும் நாவலூரிலிருந்து ஆள் போட்டிருந்தார்கள். மூன்றாவதை நிதினே எடுத்திருந்தார். சந்தா கொடுக்க மனமில்லாதவர்கள் சம்பளம் கொடுத்து ஆறு பேரை என் வேலைக்கு அனுப்பியிருந்தார்கள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

முதலில் வந்து சேர்ந்தது கோதண்டராமனுடைய பழுதுக்கான திருத்தம். எழுதியவர் அயாஸ். ஓட்டிப் பார்த்தேன், சர்வே எண்கள் ஒன்று விடாமல் வந்தன. அழகாகத்தான் எழுதியிருந்தார். ஆனால் அதே பழுது மறுபடி வராமல் காவல் காக்கும் சோதனையை எழுதாமல் விட்டிருந்தார். சோதனை இல்லாமல் யார் அனுப்பினாலும் நான் சேர்ப்பதில்லை.

வங்கி காத்திருந்தது, நிதின் காத்திருந்தார், என் வீட்டுக்காரரும் காத்திருந்தார். என்ன குறை என்று எழுதி, அவருக்கே திருப்பி அனுப்பினேன்.