கொஞ்ச நாளைக்கு மட்டும்

இப்படிக் கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கால் வலித்தால் நீட்டிக்கொள்ளுங்கள். வாயைத் திறக்கவே பயந்துபோன ஒருத்தியின் கதையைச் சொல்கிறேன். முதலில் சிரிப்பு வரும், நடுவில் நெஞ்சை அடைக்கும். ஆனால் உங்களை நட்டாற்றில் விட்டுவிட்டு எழுந்து போக மாட்டேன், அது என் பொறுப்பு.

ஒரு கடைத்தெருவில், மருந்துக் கடைக்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கும் நடுவே ஒரு சலவைக் கடை இருந்தது. முன்னால் நீளமான மேசை, அதற்குப் பின்னால் மரத்தடுப்பு, தடுப்புக்குப் பின்னால், மேலே மூடி போட்ட மேசை அளவு நீராவி இஸ்திரி. முன்மேசையில் தம்பி நின்றான். பின்னால் இஸ்திரியடியில் அக்கா நின்றாள். கல்யாணம் கட்டிக்கொள்ளாமல் கடையையே கட்டிக்கொண்டவள் அவள். துவைக்கிற இயந்திரங்களைத் தம்பி மனைவி பார்த்துக்கொண்டாள்.

தம்பிக்குத் தெருவில் பெயர் ரேடியோ. காலையில் கடைக்கதவைத் தூக்கினால் பாட ஆரம்பிப்பான், இறக்கும்வரை ஓயமாட்டான். துணி வாங்கும்போதே தடுப்புக்கு அந்தப் பக்கம் குரல் கொடுப்பான்.

“அக்கா, கோட்டு ஒண்ணு வருது. பையில சாக்லேட் உருகிக் கிடக்கு. ஐயா வீட்டுல ஒளிச்சு வெச்சுத் தின்னிருக்காரு போல!”

கோட்டுக்காரர் நெளிவார், கூடவே சிரிப்பார். அக்கா உள்ளேயிருந்து, “கோட்டை அனுப்புடா, வாயை அங்கேயே வை” என்பாள். வேலை இப்படித்தான் நடந்தது. அவன் குரல் முன்னால் வரும், துணி பின்னால் வரும்.

கடை மூடுகிற நேரத்தில் அந்த வீட்டுக்கு ஒரு வழக்கம் இருந்தது. இஸ்திரியின் சூடு ஆறுகிறவரை அதை விட்டு நகர முடியாது அல்லவா, அந்த நேரத்தில் மூன்று பேரும் அதைச் சுற்றி நின்று வேண்டிக்கொள்வார்கள். அவர்கள் அம்மா விட்டுப்போன சொற்கள். வீட்டில் மூத்தவர் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, மற்றவர்கள் “கூடவே இரு, ஆண்டவனே” என்று பதில் சொல்ல வேண்டும். ரேடியோ எப்போதும் ஒரு மூச்சு பிந்தித்தான் பதில் சொல்வான். கடைசி வரி முடிந்ததும் வாய்க்குள்ளேயே ஒரு வால் சேர்ப்பான். “அக்கா பக்கத்துல மட்டும் நிக்காதே ஆண்டவனே, இஸ்திரி போட்டுடுவா.” தம்பி மனைவி முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். அக்கா முறைப்பாள். அதோடு விளக்கணைப்பு.

இப்படி இருக்கையில் ஒரு நாள் அக்கா ஒரு கோட்டின் காலரைக் கருக்கிவிட்டாள். அது பேருந்து ஓட்டுநருடைய சீருடைக் கோட்டு. தடுப்புக்குப் பின்னால் அவள் கையைப் பிசைந்துகொண்டு நிற்க, முன்னால் ரேடியோ கடை நிறைந்த ஆட்களுக்கு நடுவே கோட்டைத் தூக்கிப் பிடித்தான்.

“கோவிச்சுக்காதீங்கண்ணே. எங்க அக்காவுக்கு நாப்பது வருஷமா உள்ளுக்குள்ள ஒரு அடுப்பு எரியுது. கட்டிக்க ஆள் வரல, அந்தச் சூட்டை எல்லாம் உங்க காலர் மேல காட்டிட்டா!”

கடையே சிரித்தது. ஓட்டுநரும் சிரித்தார், கோபம் போயிற்று, கடை தப்பித்தது. ஆனால் கேட்டவளுக்கு அது தைத்தது. இஸ்திரியின் மூடியை டமாரென்று இறக்கி, எழுந்த ஆவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு அவள் சொன்னாள்: “ஆண்டவனே, இவன் வாயைக் கொஞ்ச நாளைக்கு அடைச்சு வை. கொஞ்ச நாளைக்கு மட்டும். நான் நிம்மதியா இருந்துக்கறேன்.”

அந்த வாரம்கூட முடியவில்லை. யாரோ ஒரு அம்மாளின் கம்பளிச் சட்டையைக் கையில் வாங்கிய ரேடியோ, “அக்கா” என்று ஆரம்பித்தான். மீதி வரவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொள்ள, சட்டையோடு சரிந்து விழுந்தான்.

பக்கவாதம் என்றார்கள். உயிருக்கு ஆபத்தில்லை, கை கால் மெல்ல வரும், பேச்சுதான் எப்போது வரும் என்று சொல்ல முடியாது, பொறுத்திருங்கள் என்றார்கள். தம்பி மனைவி மருத்துவமனை வாசலிலேயே அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அண்ணி, நீங்க வேண்டிக்கங்க. உங்க வாய்ல வந்தா அப்படியே நடக்கும்.”

பாவம், அவள் ஆறுதலுக்குச் சொன்னது. பழுக்கக் காய்ந்த இஸ்திரியை நெஞ்சின்மேல் வைத்ததுபோல் இருந்தது கேட்டவளுக்கு. நடக்கும். நடந்துவிட்டதே!

ரேடியோ வீடு திரும்பினான். பகலெல்லாம் கடையின் பின்கட்டில், தொங்கும் சட்டைகளுக்கு நடுவே ஒரு நாற்காலியில் அவனை உட்கார வைத்தார்கள். முதல் நாள் மாலை, இஸ்திரி ஆறும் நேரத்தில் தம்பி மனைவி கைகூப்பி நின்றாள்.

“ஆரம்பிங்க அண்ணி.”

அக்கா வாயைத் திறந்தாள். தம்பியின் கண் அவள் மேலேயே இருந்தது. தடுப்பு வெறும் மரம்தானே. அன்றைக்கு அவனுக்குக் கேட்டிருக்குமோ? ஒரு வார்த்தைக்கே இந்தக் கதி, இன்னொரு வார்த்தை சொல்லி இருப்பதும் போய்விட்டால்? திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டாள்.

“நோயாளி இருக்கற இடம்மா. சத்தம் எதுக்கு? இனிமே மனசுக்குள்ளயே வேண்டிக்கலாம்.”

தம்பி மனைவி தலையாட்டினாள். அன்றிலிருந்து அந்த நேரம் ஊமையாயிற்று.

மனசுக்குள் அவள் வேண்டினாளா? இல்லை, கண்ணுகளா. கண்ணை மூடிக்கொண்டு நாளைக்குக் கொடுக்க வேண்டிய சட்டைகளை நினைப்பாள். கம்பளிப் போர்வை காய்ந்ததா என்று நினைப்பாள். ஆண்டவன் பக்கம் மட்டும் திரும்பமாட்டாள், கடன்காரனைக் கண்டு சந்துக்குள் ஒதுங்குகிறவளைப் போல. எப்போதாவது தப்பித் தவறித் திரும்பினால் ஒரே கேள்விதான் வரும்: கொஞ்ச நாள் என்று கேட்டேனே, உன் கணக்கில் கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு?

மழைக்காலம் போயிற்று. குளிர் வந்தது, அதுவும் போயிற்று. ரேடியோ சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தான், கரண்டி பிடித்தான். பேச்சு மட்டும் வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்கிற பெண் வாரம் ஒருமுறை வந்து, படங்களைக் காட்டி, “இது என்னங்க? சொல்லுங்க, ப...” என்பாள். அவன் உதட்டைக் குவிப்பான், நெற்றியில் வேர்க்கும், காற்றுதான் வரும். படத்தைக் கவிழ்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

“வீட்டுல அவர்கிட்ட நிறையப் பேசுங்க. அமைதியா விட்டுடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போவாள் அந்தப் பெண்.

யார் பேசுவது? முன்மேசையில் இப்போது தம்பி மனைவி நின்றாள். துணியை வாங்கி, சத்தமில்லாமல் தடுப்புக்கு இந்தப் பக்கம் வைத்துவிட்டுப் போவாள். பேருந்து ஓட்டுநர் வந்து எட்டிப் பார்ப்பார்.

“ரேடியோ எப்ப பாடும்மா? தெருவே செத்துக் கெடக்குது. நான் வேணா இன்னொரு கோட்டு தரேன், அக்காவை அதையும் கருக்கச் சொல்லு. திட்டறதுக்காவது வாயைத் திறப்பான்.”

நல்ல மனுஷன், நல்லதுக்குத்தான் சொன்னார். உள்ளே அதைக் கேட்ட அக்கா பதறிப்போய் இஸ்திரிக்கடியில் கையை வைத்துவிடப் பார்த்தாள்.

ஒரு நாள் சாயங்காலம், இஸ்திரி ஆறிக்கொண்டிருந்தது. அக்கா வழக்கம்போலக் கண்ணை மூடினாள். பக்கத்தில் ஏதோ தொப்பென்று கவிழ்கிற சத்தம் கேட்டுத் திறந்தாள். தம்பி மனைவி துணிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தாள்.

“அண்ணி, ஒண்ணு சொன்னா திட்ட மாட்டீங்களே?”

“சொல்லு கண்ணு.”

“நான் வேண்டிக்கறதை விட்டு ரொம்ப நாளாச்சு. குளிர் தொடங்கறப்பவே விட்டுட்டேன். கேட்டுக் கேட்டு அலுத்துப் போச்சு அண்ணி. செவுத்துக்கிட்ட பேசற மாதிரி இருந்துச்சு. ஆனா பயப்படல. ஏன்னா நீங்க நிக்கறதைப் பார்ப்பேன். கண்ணை மூடி, அசையாம. எனக்கும் சேர்த்து அண்ணி கேக்கறாங்க, அது போதும்னு இருந்துட்டேன். இன்னிக்கு அதுவும் போதல. எனக்குக் கேக்கற மாதிரி ஒரு தடவை சத்தமா சொல்லுங்களேன்.”

அக்காவுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியென்றால் இத்தனை நாளாக இந்த வீட்டில் யாருமே வேண்டவில்லை. ஒருத்தி மற்றவள்மேல் சாய்ந்திருந்தாள். சாயக் கொடுத்தவளோ வெறும் மரத்தடுப்பு.

“நான் வேண்டலம்மா” என்றாள்.

“என்ன அண்ணி?”

“ஒரு நாள் கூட வேண்டல. கண்ணை மூடிக்கிட்டு சட்டையைப் பத்தி நினைச்சுக்கிட்டு நின்னேன். நான் எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேக்கறது? இவன் வாயை அடைக்கச் சொன்னதே நான்தான்.”

ஓட்டுநர் கோட்டு, கடைச் சிரிப்பு, ஆவிக்குள் சொன்ன சொல், எல்லாவற்றையும் கொட்டினாள். நாற்காலியில் இருந்த தம்பியைப் பார்க்காமல், ஆறுகிற இஸ்திரியைப் பார்த்துச் சொன்னாள்.

தம்பி மனைவியின் மூக்கிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

“ஏன் அண்ணி, இவர் வாயை அடைக்கச் சொல்லி நான் வேண்டாத நாள் உண்டா? படுத்தா தூக்கத்துலயும் பேசற மனுஷன். இதுக்கெல்லாம் ஆண்டவன் காது கொடுத்தா உலகத்துல ஒரு புருஷன் பேசுவானா?”

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அதற்குள் அந்த முகம் மாறியிருந்தது.

“அதை விடுங்க. கோவத்துல ஆயிரம் சொல்வோம். நம்ம கிட்ட அழுக்குத்துணி வந்தா, ஏன் அழுக்காச்சுன்னு அடிக்கறோமா? வாங்கி வெச்சுக்கறோம். நமக்கே அவ்வளவு தெரியுது, மேல இருக்கறவனுக்குத் தெரியாதா? ஆனா...” குரல் உடைந்தது. “என்னைத் தனியா நிக்க விட்டீங்களே அண்ணி. பக்கத்துலயே நின்னுக்கிட்டு தனியா விட்டீங்களே. அதை என்னால சீக்கிரம் மறக்க முடியாது.”

“மறக்க வேண்டாம்மா” என்றாள் அக்கா.

“அப்ப ஆரம்பிங்க. இப்பவே.”

தப்பிக்க இனி ஒரு சந்தும் இல்லை. அக்கா இஸ்திரியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தபோது பூட்டிக் கிடந்த கதவுபோலக் கிறீச்சிட்டது அவள் குரல்.

“கண் விழிக்க வைத்தாய்.”

“கூடவே இரு, ஆண்டவனே” என்றாள் தம்பி மனைவி, ஒற்றைக் குரலில்.

“கைக்கு வேலை கொடுத்தாய்.”

“கூடவே இரு, ஆண்டவனே.”

மூன்றாவது வரிக்கு வந்தாள் அக்கா. சின்ன வயதிலிருந்து ஒப்பித்த வரிதான். இன்றைக்குத்தான் அதற்கு இத்தனை கனம்.

“கேட்டது கிடைத்தாலும், கிடைக்காமல் போனாலும்.”

“கூடவே இரு, ஆண்டவனே.”

“...வே இரு.”

இருவரும் திரும்பவில்லை. திரும்பப் பயம். எப்போதும்போல ஒரு மூச்சு பிந்தி, தொங்கும் சட்டைகளுக்கு நடுவிலிருந்து, தடித்து உருண்டு வந்த குரல். “கூ... டவே இரு. ஆண்டவனே.”

தம்பி மனைவி பாய்ந்துபோய் அவன் முகத்தை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள். “இன்னொரு தடவை சொல்லுங்க! என் பேரைச் சொல்லுங்க! அக்கான்னு சொல்லுங்க!” அவன் உதட்டைக் குவித்தான், வேர்த்தான், காற்றுதான் வந்தது. அவன் கண்ணிலிருந்து நீர் வழிந்தது. அக்கா மறுபடி முதல் வரியைச் சொன்னாள். பதில் வந்தது. அந்தப் பதில் மட்டும் வந்தது.

அடுத்த வாரம் வந்த பயிற்சிப் பெண் கேட்டுவிட்டுக் கைதட்டினாள். “இது நடக்கறதுதான்! புதுசா யோசிச்சுப் பேசறது ஒரு வழி, நாக்குல ஊறிப்போன பாட்டு, வேண்டுதல் எல்லாம் வேற வழி. அந்தப் பாதை இவருக்கு மூடாம இருந்திருக்கு. இதைப் பிடிச்சுக்கிட்டே மெல்ல மத்ததுக்கும் முயற்சி பண்ணலாம். தினமும் சத்தமா சொல்லுங்க. ஆமா, இவ்வளவு நாளா வீட்டுல யாரும் இதைச் சொல்லலையா? முன்னாடியே சொல்லியிருந்தா எவ்வளவோ நல்லா இருந்திருக்குமே!”

அக்கா தலைகுனிந்தாள். சொல்லிவிடத்தான் வாயெடுத்தாள்.

“எங்களுக்குத் தோணலங்க” என்றாள் தம்பி மனைவி, சட்டைகளை மடித்துக்கொண்டே. “ரெண்டு பேருக்குமே தோணல.”

மன்னிப்பு என்று அவள் எதுவும் சொல்லவில்லை. பாதிப் பழியை எடுத்துத் தன் கூடையில் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். அன்றைக்கு அக்காவுக்கு இஸ்திரி வேலை ஓடவில்லை. ஆவிக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, அடைக்கச் சொன்ன அதே இடத்தில் நின்று, முதல்முறையாகத் தானாக ஆண்டவன் பக்கம் திரும்பினாள். “அடைச்சது நீ இல்லைன்னு இவ சொல்றா. நம்பறேன். ஆனா திறந்திருந்த ஒரு வழியை நான் அடைச்சு வெச்சேனே, அது என்னோடதுதான். அதையும் வாங்கி வெச்சுக்கோ. இவன் எப்பப் பேசினாலும் சரி, நான் இனி வாயை மூட மாட்டேன்.”

பேச்சு முழுசாக வந்துவிட்டதா என்று கேட்கிறீர்களா? அவசரப்படாதீர்கள். “அ” வருகிறது. “அக்” வருகிறது. சாக்லேட் கோட்டுக்காரரைப் பார்த்தால் வாய் கோணச் சிரிப்பு வருகிறது. முன்மேசைக்கும் தடுப்புக்கும் நடுவே இப்போது தம்பி மனைவி குரல் கொடுக்கிறாள், “அண்ணி, கோட்டு வருது, பையைப் பாருங்க!” என்று. காத்திருப்பு முடியவில்லை. ஆனால் அது ஊமையாக இல்லை.

மாலையில் இஸ்திரி ஆறுகிறது. அக்கா கடைசி வரியைச் சொல்கிறாள். ஒரு குரல் உடனே பதில் சொல்கிறது, ஒரு குரல் ஒரு மூச்சு பிந்தி வருகிறது. அதற்குப் பிறகும் அக்கா விளக்கை அணைப்பதில்லை. கையை விசையின்மேல் வைத்துக்கொண்டு கொஞ்சம் நிற்கிறாள். அவன் வாய்க்குள் சேர்க்கும் அந்த வாலுக்கு இடம் விட்டு நிற்கிறாள். அக்கா பக்கத்துல மட்டும் நிக்காதே, ஆண்டவனே.

இன்றைக்கு வரவில்லை. நாளைக்கும் இடம் விடுவாள்.

சரி, எழுந்திருங்கள், கால் மரத்திருக்கும். உங்கள் வீட்டில் வம்பு பேசுகிற வாய்கள் வற்றாமல் இருக்கட்டும். கோபத்தில் விழுந்த சொற்களெல்லாம் தரையிலேயே கிடந்து காயட்டும். நீங்கள் காத்திருக்கிற காரியம் எதுவானாலும், அது வருகிறவரை உங்கள் பக்கத்தில் நிற்கிறவர் உண்மையாகவே உங்களோடு நிற்கட்டும். பத்திரமாய்ப் போய் வாருங்கள், கண்ணுகளா.