கேபிளைப் பிடித்துக்கொண்டிருந்தவர்

திரையில் ‘இன்னும் நாற்பத்தொரு நிமிடம்’ என்று வந்தபோதுதான் அஞ்சும் அதைக் கவனித்தாள். பக்கத்து வீட்டுத் தறி அடிக்கும் ஒவ்வொரு அடிக்கும், மேசைமேல் இருந்த சின்ன டிரைவின் நீல விளக்கு ஒருமுறை மங்கி மீண்டது. டிரைவையும் கணினியையும் இணைக்கும் கேபிள், சொருகிய இடத்தில் தளர்ந்திருந்தது.

“தாவீதண்ணே, இத்த அப்படியே புடிச்சுக்கோங்க. அழுத்தாதீங்க, இழுக்காதீங்க. சும்மா புடிச்சாப் போதும்.”

தாவீது வலக்கையின் இரண்டு விரல்களால் கேபிளின் தலையைப் பிடித்தார். அஞ்சும் செருப்புகூடப் போடாமல் பக்கத்து வீட்டுக்கு ஓடினாள்.

“காந்தாக்கா, முக்கா மணி நேரம் தறிய நிறுத்துறீங்களா?”

“இன்னா ஆச்சு?”

“தாவீதண்ணன் குரலு அந்தப் பொட்டிலதான் இருக்குது. ஆடுதுக்கா.”

காந்தா மிதியிலிருந்து காலை எடுத்தாள். தறி நின்றது.

ஒலிமுகமதுப்பேட்டையில் அஞ்சும் கணினி பழுதுபார்க்கும் கடை வைத்து ஆறு வருடம் ஆகிறது. ஓரிக்கை தாவீதை அதற்கு முன்பே, ஊரில் மற்றவர்கள் அறிந்ததுபோல, காதால் அறிவாள். ஆட்டோவில் மைக் கட்டிக்கொண்டு இருபத்தாறு வருடம் தெருத்தெருவாக அறிவிப்புச் செய்தவர். மூன்று வருடத்துக்கு முன் தொண்டையில் புற்று வந்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் உள்ள துளை வழியாகத்தான் மூச்சு. அறுவைக்கு முந்தைய வாரம், மருத்துவமனையில் ஒருவர் சொன்ன யோசனைப்படி ஆயிரத்துச் சொச்சம் வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்தார். அவற்றிலிருந்து ஒரு மென்பொருள் அவருடைய குரலையே உருவாக்கித் தந்தது. அவர் தட்டினால் அது பேசும்.

கணினி பழையது. வாங்கும்போதே உள்ளே இருந்த டிஸ்க் செத்திருந்தது. திரையைப் பிரித்தால் உடையும் என்பதால் அஞ்சும் எல்லாவற்றையும் வெளி டிரைவில் ஏற்றி, அதிலிருந்தே ஓடும்படி செய்திருந்தாள். பதினொரு நாளைக்கு முன் குரல் மென்பொருள் தன்னைத் தானே புதுப்பித்துக்கொண்டு, இந்த இயங்குதளம் பழசு, புதியது வேண்டும் என்று வாயை மூடிக்கொண்டது. செய்தவர்களுக்கு அஞ்சும் எழுதிப் பார்த்தாள். பழைய குரல்களை மறுபடி செய்து தருவதில்லை என்று பதில் வந்தது. நகலெடுத்தாலும் அந்தக் குரல் வேறு டிரைவில் திறக்காது. இயங்குதளத்தை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை, அதுவும் அந்த டிரைவிலேயே. திரையில் ஓடிக்கொண்டிருந்தது அதுதான்.

நிற்கிற தரையை, அதன்மேல் நின்றுகொண்டே பெயர்த்துப் போடுகிற வேலை. சோப்புக் கட்டியைவிடச் சின்னப் பெட்டி. அதற்குள் ஒரு மனிதன் பேசியதும் இனிமேல் பேசப்போவதும் இருக்கின்றன. எத்தனையோ டிரைவ்களைக் கையாண்ட அஞ்சுமுக்கு முதல் தடவையாக அதைத் தொடப் பயமாக இருந்தது.

இருபது நிமிடம் மீதமிருக்கும்போது தாவீதின் மனைவி கிரேஸ் சாப்பாட்டுக் கூடையோடு வந்தாள். கணவர் சிலைபோல நிற்பதைப் பார்த்தாள்.

“இன்னாங்க, முடிஞ்சிதா?”

எழுதிக் காட்டும் நோட்டு அவருடைய சட்டைப் பையில் இருந்தது. எழுதும் கை கேபிளில் இருந்தது. அவர் மனைவியைப் பார்த்தார், அவ்வளவுதான். நெற்றி வியர்வையை அவள் முந்தானையால் ஒற்றினாள்.

அப்போது அவருக்கு இருமல் வந்தது. கழுத்துத் துணி உப்பி அடங்கியது. தோள்கள் குலுங்கத் தொடங்கின. விரல்கள் மட்டும் வேறு யாருடையவோ போல அசையாமல் நின்றன. நீல விளக்கு ஒருமுறை மங்கியது.

“விடுங்க, நான் புடிச்சுக்கிறேன்.”

கிரேஸ் அவர் விரல்களுக்கு அடியில் தன் விரல்களை ஒவ்வொன்றாக நுழைத்தாள். அவர் ஒவ்வொன்றாக எடுத்தார். அஞ்சும் நீல விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கை மாறியதும் தாவீது வாசலுக்கு ஓடி, சுவரைப் பிடித்துக்கொண்டு இருமித் தீர்த்தார்.

மீதி நிமிடங்களும் தீர்ந்ததும் கணினி தானாக அணைந்து எழுந்தது. கறுப்புத் திரை. நடுவில் ஒரு கேள்விக்குறி மட்டும் மின்னியது.

“இன்னாம்மா இது? போயிடிச்சா?”

“உள்ள இருக்கிற செத்த டிஸ்கப் போய்த் தேடுதுக்கா. அதுக்கு நாமதான் வழி காட்டணும். கைய மட்டும் எடுத்துடாதீங்க.”

மறுபடி அணைத்து, ஒரு விசையை அழுத்திப் பிடித்தபடி போட்டாள். கணினி யோசித்தது. பிறகு அந்த டிரைவின் படம் தனியாகத் திரையில் வந்து நின்றது. தேர்ந்தெடுத்தாள். வெள்ளைக் கோடு மெதுவாக நகர்ந்து முடிந்தது.

மென்பொருள் திறந்தது. தாவீது உட்கார்ந்து இரண்டு விரலால் தட்டினார்.

முதலில் வந்தது சொல் அல்ல. சொல்லுக்கு முன் ஒரு மனிதன் வாயால் இழுக்கும் சின்ன மூச்சு. பதிவின்போது எப்படியோ உள்ளே போய்விட்ட மூச்சு. அப்படி மூச்சிழுக்க இன்றைக்கு அவரால் முடியாது. அவருடைய நெஞ்சும் அதே கணத்தில் உயர்ந்ததை அஞ்சும் பார்த்தாள்.

“கிரேஸு, முடிஞ்சிடிச்சி. கைய எடு.”

தறியை விட்டு வந்து வாசலில் நின்ற காந்தா, குரல் எங்கிருந்து வருகிறது என்று கடையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

“எடுக்கலாங்க்கா,” என்றாள் அஞ்சும். “இனிமே ஒண்ணும் ஆவாது.”

கிரேஸ் தலையாட்டினாள். கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், கேபிளைப் பிடித்தபடியே நின்றாள். தாவீது மறுபடி தட்டத் தொடங்கினார்.