பெயர்கள் ஓடிய பட்டை

காலை எட்டு மணியிலிருந்து அவள் ஊதா நிறத்தோடு போராடிக்கொண்டிருந்தாள். டிவி தலைமை நிலையத்திலிருந்து வந்த தொகுப்பில், திரை எழுத்துக்கான நாற்பத்திரண்டு டெம்ப்ளேட்டுகள். ஒவ்வொன்றாகத் திறந்து, எழுத்தைத் தட்டி, திரையில் ஓடவிட்டுச் சரிபார்க்க வேண்டும். அரசியலுக்கு ஒன்று, விளையாட்டுக்கு ஒன்று, நட்சத்திரப் பேட்டிக்கு மூன்று, சமையல் போட்டிக்கு ஆறு. பழைய பச்சை போய்விட்டது. நிலையத்தின் பெயரிலிருந்து ஊரின் பெயரும் போய்விட்டது; அந்த இடத்தில் ஓர் எண் வந்து உட்கார்ந்திருந்தது.

பதினான்கு ஆண்டுகளாகத் திரையின் அடியில் ஓடும் எழுத்துகளைத் தட்டி வருபவள் அவள். நிலையத்தில் எல்லோருக்கும் ‘ஸ்க்ரோல் அக்கா’. ஒரு மணிச் செய்தியின் அடியில் அவள் ஓடவிடும் பட்டை ஒன்று உண்டு. தீயோ, வெள்ளமோ, விபத்தோ, அடிபட்டவரின் பெயர், வயது, தெரு, மருத்துவமனை, வார்டு எண் எல்லாம் அதில் ஓடும். பெயர் முதலில், சம்பவம் பிறகு. இறந்தவரின் பெயருக்குப் பின்னால் மட்டும் வார்டு எண் இருக்காது. வீட்டார் அறியும் முன் டிவி சொல்லக் கூடாது என்பது நிலையத்தின் எழுதாத சட்டம். கடை வாசல்களில் நின்று பார்க்கிறவர்கள் செய்தி வாசிப்பவரின் முகத்தைப் பார்ப்பதில்லை, அடியைத்தான் பார்ப்பார்கள்.

நாற்பத்திரண்டிலும் அந்தப் பட்டை இல்லை.

“சார், பேர் ஓடுறதுக்கு ஒண்ணுமே அனுப்பல” என்றாள் செய்தி ஆசிரியரிடம்.

நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடியை மேசையெல்லாம் தேடிக்கொண்டிருந்தார் அவர். “விட்டுப்போயிருக்கும்மா. அவ்வளவு பெரிய இடத்துல இது யார் ஞாபகத்துல இருக்கும்? நீயே ஒண்ணு செஞ்சு சேர்த்துடு.”

“கண்ணாடி நெத்தியில இருக்கு சார்.”

சமையல் போட்டிக்கான ஒன்றைத் திறந்து, கரண்டிப் படத்தை அழித்து, எழுத்தைப் பெரிதாக்கி, நாற்பத்து மூன்றாவதைச் செய்து முடித்தாள். ‘விடுபட்டதைச் சேர்த்திருக்கிறேன்’ என்று தலைமை நிலையத்துக்கு மெயிலும் அனுப்பினாள். அங்கிருந்து வந்து மூன்று நாளாகத் தங்கியிருக்கும் பிராண்ட் அதிகாரி அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். அவர் இல்லாதபோது அவருக்குப் பெயர் ‘ஊதா சார்’. “சூப்பர் மேடம்” என்றார். வேறெதுவும் சொல்லவில்லை.

பதினொன்று இருபதுக்கு ஒளிப்பதிவாளன் அழைத்தான். எந்நேரமும் ஒரு கண்ணை மூடியே திரிகிறவன் என்பதால் அவனை ‘ஒத்தக்கண்ணு’ என்பார்கள்.

“அக்கா, அட்டைப்பெட்டி ஆலையில பாய்லர் வெடிச்சிடுச்சு. பதினோரு பேர். மூணு ஆஸ்பத்திரிக்குப் பிரிச்சுக் கொண்டுபோயிட்டாங்க. ஆலைக்காரன் கேட்டைப் பூட்டிக்கிட்டு வாயே திறக்க மாட்டேங்கிறான்.”

“பேர் இருக்கா?”

“ஆம்புலன்ஸ் டிரைவருங்களைப் பிடிச்சு எழுதிட்டேன். என்னை என்னன்னு நெனச்ச?”

“பெருமையை அப்புறம் பேசு. மெதுவா சொல்லு. ஒரு எழுத்து மாறினா வேற வீட்டுல இடி விழும்.”

அவன் சொன்னான், அவள் தட்டினாள், ஒவ்வொன்றையும் திருப்பிப் படித்துக் காட்டினாள். ஒன்பதாவது பெயரில் அவன் நின்றான்.

“இதுக்கு வார்டு இல்லக்கா.”

மருத்துவமனையின் பெயரோடு அந்த வரியை முடித்தாள்.

“கேட்டுக்கு வெளிய கூட்டம் நெரிஞ்சுது. அழுதுகிட்டே நின்னாங்க. ஒரு மணிக்கு டிவியில பேர் வரும், போய்ப் பாருங்கன்னு சொல்லிட்டேன். நம்பிப் போயிட்டாங்க.”

“வரும்டா. எப்ப வராம இருந்திருக்கு?”

ஒரு மணிக்கு ஒரு நிமிடம் இருந்தது. செய்தி வாசிப்பவர் பவுடர் போட்ட முகத்தோடு, காலரில் மைக்கோடு நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் பொத்தானின் மேல் விரலை வைத்துக் காத்திருந்தாள்.

ஒரு மணி அடித்தது. ஒளிபரப்பாவதைக் காட்டும் கேமராவின் சிவப்பு விளக்கு எரியவில்லை. அதைக் கவனிக்காமல் வாசிப்பவர் “வணக்கம்” என்றார். ஒளிபரப்புத் திரையில் மேளம் முழங்கியது. எங்கோ ஒரு பெரிய அரங்கில், ஊதாப் புகைக்கு நடுவே இரண்டு நட்சத்திரங்கள் ஆடிக்கொண்டு இறங்கினார்கள். அவள் பொத்தானை அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். ‘இந்த வசதி உங்கள் நிலையத்துக்கு வழங்கப்படவில்லை’ என்றது கணினி. திரையின் அடியில், அவள் தட்டாத எழுத்துகள் ஓடின: உங்கள் ஊர், உங்கள் செய்தி! புதிய பொலிவுடன்!

“ஒரு மணி நியூஸ் இனிமே கிடையாது மேடம்” என்றார் ஊதா சார். “லோக்கல் ஸ்க்ரோலும் அங்கிருந்துதான். மெயில் வந்திருக்குமே.”

“எப்ப வந்துச்சு?” என்றார் ஆசிரியர்.

“பன்னெண்டு அம்பதுக்கு.”

“சார், பதினோரு பேர்” என்றாள் அவள். “வீட்டுக்காரங்க டிவி முன்னாடி நிக்கிறாங்க. ஒரே ஒரு தடவை ஓட்டிக்கிறேன்.”

“இன்னிக்கு லான்ச் டே மேடம். இன்னிக்குப் போய் இப்படி ஒரு விஷயமா?”

ஆசிரியர் எழுந்தார். நெற்றியிலிருந்து கண்ணாடி நழுவித் தரையில் விழுந்தது. அவர் குனியவில்லை. உள்ளே, செய்தி வாசிப்பவர் விளக்கு எரியாத கேமராவைப் பார்த்தபடி இரண்டாம் செய்தியைப் படித்துக்கொண்டிருந்தார். அவரிடம் போய்ச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. மேசைகளில் தொலைபேசிகள் ஒன்றன்பின் ஒன்றாக அலறத் தொடங்கின.

அவள் பதினோரு பெயர்களையும் அச்செடுத்தாள். தடித்த மார்க்கர் ஒன்றை எடுத்துக்கொண்டு படியிறங்கினாள்.

காலையில் கழற்றிய பழைய பெயர்ப்பலகை வாசல் சுவரில், பச்சை முகம் சுவரைப் பார்க்கச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் முதுகு வெள்ளைத் தகரம். அவள் மண்டியிட்டு எழுதினாள். பெயர், வயது, தெரு, மருத்துவமனை, வார்டு. நான்காவது பெயரை எழுதும்போதே முதுகுக்குப் பின்னால் மூச்சுச் சத்தங்கள் கேட்டன. டிவியில் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு நேரே நிலையத்துக்கே ஓடி வந்திருந்தார்கள். பெயரைக் கண்டவர்கள் அலறிக்கொண்டு திரும்பி ஓடினார்கள். அந்த இடத்தில் வேறு ஆட்கள் நுழைந்தார்கள்.

ஆலைச் சீருடையிலேயே வந்திருந்த ஒரு பெண், அவள் ஒன்பதாவது வரியை எழுதி முடிக்கும்வரை பொறுத்திருந்து தோளைத் தொட்டாள்.

“அது எங்க வீட்டுக்காரர்தான்க்கா. உசிரோட இருக்காரில்ல? எல்லாருக்கும் நம்பர் போட்டிருக்கீங்க, இவருக்கு வார்டு எழுத மறந்துட்டீங்க பாருங்க.”

மார்க்கர் தகரத்தின் மேல் நின்றது. அதன் நுனியிலிருந்து கறுப்பு மெல்லப் பரவி ஒரு பொட்டானது.

“நீங்க பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கம்மா. தனியாப் போகாதீங்க.”

“வார்டு தெரியாம எங்கன்னு போய்த் தேடுவேன்?”

அந்தப் பெண் பலகையைப் பார்த்தாள். வார்டு எண்களை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தாள். பிறகு எழுதியவளின் முகத்தைப் பார்த்தாள். அழவில்லை. சீருடையின் பொத்தான் ஒன்றைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் அவளைக் கைத்தாங்கலாக நடத்திப் போனார்கள்.

கடைசி இரண்டு பெயர்களையும் எழுதி முடித்தபோது காவலாளி வந்தார், சுருட்டிய பேனர் ஒன்றைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு.

“கோச்சுக்காத தாயி. புது போர்டு கீழ நின்னு போட்டோ எடுக்கணுமாம். இதை மூடச் சொல்றாங்க.”

“படிச்சு முடிக்கட்டும்ணே.”

“நான் வேணாம்னா சொல்றேன்? ஊதா சார் மேல நின்னு பார்த்துக்கிட்டே இருக்காரும்மா.”

மேலே கட்டித் தொங்கவிட, பேனர் விரிந்தது. பெயர்களின் மேல் ஊதாத் துணி இறங்கியது; அதில் ஆளுயர எழுத்தில், உங்கள் ஊர், உங்கள் செய்தி. தலைக்கு மேலே புதிய பலகையின் விளக்குகள் பட்டப்பகலில் எரிந்தன. அவளைக் கூட்டத்தோடு ஓரமாக ஒதுக்கிவிட்டு, அலுவலர்கள் வரிசையாக நின்றார்கள்.

பிந்தி வந்தவர்கள் கூட்டம் கைகாட்டிய இடத்துக்குப் போனார்கள். துணியின் ஓரத்தைத் தூக்கி, ஒருவர் பின் ஒருவராகக் குனிந்து உள்ளே நுழைந்தார்கள். உள்ளே கைபேசி வெளிச்சம் பெயர் பெயராக நகர்ந்தது. வெளியே தெரிந்தவை கால்கள் மட்டும்: தேய்ந்த செருப்புகள், ஒற்றைச் செருப்பு, வெறுங்கால்கள்.

புகைப்படக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்தார்.

“அந்தக் கால் மட்டும் ஃப்ரேம்ல விழுது சார்.”

காவலாளி குனிந்து, துணியை இன்னும் ஒரு சாண் கீழே இழுத்துவிட்டார்.