ஐந்தாம் நாள் அளவு

தம்பி முட்டி போட்டு, மூச்சை அடக்கிக்கொண்டு, கடைசி நாற்றின் பக்கத்தில் அளவுகோலை நிறுத்தினான். பதினொரு மில்லிமீட்டர். எழுதிக்கொண்டான். இருபது வருடமாகத் தூக்குக்குண்டு பிடித்துச் சுவர் எழுப்புகிற கை அது. பாதித் தீக்குச்சி உயரம்கூட இல்லாத தண்டை இரண்டு தரம் அளந்து பார்த்தது.

அக்காவின் ஆய்வுக்கூடத்து உள்ளறையில் இரண்டு தட்டுகள் இருந்தன. ஒன்றில் சாதாரண நாற்று. மற்றதில், ஒரே ஒரு நொதி மட்டும் சுரக்காதபடி அக்கா உருவாக்கிய நாற்று. கல்யாணம் காட்சி எதுவும் வேண்டாமென்று நான்கு வருடமாக இதையே கட்டிக்கொண்டு அழுதவள்.

"செடியில ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு சுவர் இருக்குடா" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி சொல்லியிருந்தாள். "நீ கட்டுற சுவர் அசைஞ்சா உன்னை அடிக்க வருவாங்க. இது இளகிக் கொடுத்தாத்தான் செடியே வளரும். இளக்குறது இந்த நொதிதான்னு நான் சொல்றேன். அது இல்லாத நாத்து குட்டையா நின்னா நான் சொன்னது சரி. அஞ்சாம் நாள் நீ போய் அளந்துட்டு வா. அதைக் கேட்டுட்டாப் போதும் எனக்கு."

அளக்க வேண்டிய, அக்காவிடம் ஆய்வு செய்யும் மாணவி தேர்வெழுத வெளியூர் போயிருந்தாள். டாக்டரோ, இன்றைக்கோ நாளைக்கோ என்று கையை விரித்துவிட்டார்.

எழுந்தபோதுதான் தலைக்கு மேலே விளக்கைப் பார்த்தான். முந்தாநாள் அக்காவின் கம்பளிச் சட்டையை எடுக்க வந்தபோது போட்டது. இரண்டு நாளாக வீணாக எரிந்திருக்கிறது. தன்னையே திட்டிக்கொண்டு அணைத்தான்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பியபோது அக்கா விழித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"ரெண்டு தட்டும் ஒரே உயரம்க்கா."

"நல்லாப் பாத்தியா?"

"ஒண்ணு விடாம அளந்தேன்."

தலையணையில் தலையை அவன் பக்கம் திருப்பினாள். "என்ன நிறம்டா?"

"பச்சைப் பசேல்னு இருக்கு. இலையெல்லாம் விரிஞ்சு, பாக்கவே அழகா இருக்கு."

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். நினைத்தது நடக்கவில்லையே என்ற வருத்தம் போல. அவனுக்குப் பாவமாக இருந்தது. பிறகு தாளை வாங்கிப் பார்த்தாள்.

"வரிசையா எழுதியிருக்க. கை சுத்தம்டா உனக்கு" என்றாள். "சாப்பிட்டியா?"

"இன்னும் இல்ல."

"போய் சாப்பிட்டு வா."

கேன்டீனில் இரண்டு பன்னும் டீயும் சாப்பிட்டுத் திரும்பினான். நர்ஸ் போர்வையை அக்காவின் முகத்துக்கு மேலே இழுத்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் மாணவி பையோடு நேராக வீட்டுக்கு வந்தாள். அழுது முடிக்கும்வரை காத்திருந்து, தாளை அவளிடம் நீட்டினான்.

"அக்கா நினைச்சது தப்பாப் போச்சும்மா. அதுலயே மனசு விட்டுட்டா."

அவள் படித்தாள். "எல்லாமே இவ்வளவு குட்டையாவா? அண்ணா, உள்ள லைட் போட்டீங்களா?"

"அணைக்க மறந்துட்டேன். ரெண்டு நாள் எரிஞ்சுது. ஏன்?"

"அது இருட்டறைண்ணா. இருட்டுலதான் இந்த நாத்து மஞ்சளா, நெடுநெடுன்னு வளரும். அப்பத்தான் நொதி இருக்கிறதுக்கும் இல்லாததுக்கும் வித்தியாசம் தெரியும். வெளிச்சம் பட்டா ரெண்டுமே குட்டையா நின்னு பச்சையாயிடும். எங்களுக்கு அங்க சுவிட்ச் பக்கம் கையே போகாது. அதான் உங்ககிட்ட சொல்லணும்னு அக்காவுக்குத் தோணலை போல."

"திரும்ப விதை போட்டா?"

"போடலாம். அஞ்சு நாள் ஆகும்."

அவன் வாசல்படியில் உட்கார்ந்தான்.

"அக்காவுக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"பச்சைன்னு சொன்னீங்களா?"

"சொன்னேன். அழகா இருக்குன்னும் சொன்னேன்."

மாணவி தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். வாசலில் சுடுகாட்டு வண்டி வந்து நின்றது. தூக்க நான்கு பேர் வேண்டுமென்றார் ஓட்டுநர். தம்பி தலைப்பக்கம் போய்க் குனிந்து பிடித்தான். எடையே இல்லை. படியில் இறங்கும்போது மற்ற மூவரும் வேகமாக நடந்தார்கள். அக்காவின் தலை ஆடாதபடி அவன் ஒரு கையை அடியில் கொடுத்துக்கொண்டு இறங்கினான்.