வசனம் மறந்த பாத்திரம்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் எவர்சில்வர் பாத்திரக் கடை வைத்திருக்கும் சமியுல்லாவைப் பாத்திரத்துக்காகத் தெரிந்தவர்களைவிட வாய்க்காகத் தெரிந்தவர்கள்தான் அதிகம். உள்ளூர் டிவி ஒன்றில் சனிக்கிழமை சாயங்காலம் ‘சனிக்கிழமை சலம்பல்’ என்று ஒரு நிகழ்ச்சி வருகிறது. சின்னச் சின்ன சிரிப்பு நாடகங்கள். வெட்டி ஒட்டுகிற வேலையே கிடையாது. மேடையில் நடப்பது நடக்கும்போதே வீட்டுக்கு வந்துவிடும். மறுநாள் காலை கடையைத் திறப்பதற்குள் சமியுல்லா அதைப் பற்றி ஒரு வாய்ஸ் மெசேஜ் பேசி, வியாபாரிகளின் வாட்ஸப் குழுவில் போட்டுவிடுவார்.

ஆரம்பத்தில் ராசிபுரத்து நெய் வியாபாரி தங்கசாமிக்கு மட்டும் அனுப்பியதுதான். தங்கசாமி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு அதைக் குழுவில் தள்ளினார். அங்கிருந்து அது நாமக்கல் லாரி ஆபீஸ்களுக்குப் போனது. இப்போது நிகழ்ச்சியைப் பார்க்காதவர்கள்கூட விமர்சனத்தை மட்டும் கேட்டார்கள்.

“முதல் நாடகம் ஆஸ்பத்திரி. டாக்டரா வந்தவன் நமக்குச் சிரிப்பு வர்றதுக்கு முன்னாடியே அவன் சிரிச்சுட்டான். ரெண்டாவது, டவுன் பஸ். அடி கனமில்லாத பாத்திரம், அடுப்புல வெச்ச உடனே தீஞ்சுபோச்சு. கண்டக்டரா வந்த அந்தப் பொண்ணு பரவாயில்லை. மத்தவங்கெல்லாம் அடுத்த ஸ்டாப்புல இறங்கிக்கலாம்.” இப்படிப் போகும்.

பக்கத்தில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே பார்க்கும் மனைவி அஜீஸாவுக்கு அந்த நாடகங்கள் எல்லாமே பிடிக்கும்.

“பாவம்ங்க, அவங்களும் கஷ்டப்பட்டுத்தானே பண்றாங்க” என்பாள்.

“கஷ்டப்பட்டா மட்டும் சிரிப்பு வந்துடுமா? மூட்டை தூக்கறவன்கூடத்தான் கஷ்டப்படறான்.”

இந்த நிலையில்தான் ஒரு நாள் கடைக்கு போன் வந்தது.

“வணக்கமுங்க பாய். சலம்பல் டைரக்டர் குணசீலன் பேசறேனுங்க.”

திருச்செங்கோட்டுப் பேச்சு. வசவு வரப்போகிறது என்று சமியுல்லா பதிலைத் தயார்செய்துகொண்டார். குணசீலன் குரலில் கோபம் இல்லை.

“வாராவாரம் எங்க தோலை உரிக்கறீங்க. ஒரு நாளைக்கு நீங்களே வந்து நடிச்சுக் காட்டுனா என்னங்க? பாத்திரக் கடை நாடகம் ஒண்ணு வெச்சிருக்கறோம். கடைக்காரரா நீங்களே வாங்க. நாலே நாலு வசனந்தானுங்க.”

வேறு யாராவது என்றால் இதில் ஏதோ பழிவாங்கல் இருக்கிறதோ என்று ஒரு நிமிடம் யோசித்திருப்பார்கள். இவ்வளவு தாமதமாகவா புத்தி வந்தது என்று மட்டும்தான் சமியுல்லாவுக்குத் தோன்றியது.

“நான் நடிக்கப் போகலை” என்று அஜீஸாவிடம் சொன்னார். “எப்படி நடிக்கணும்னு காட்டிட்டு வரப்போறேன்.”

“காட்டிட்டு வாங்க” என்றாள் அவள்.

அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு பழைய கல்யாண மண்டபத்தைத்தான் டிவிக்காரர்கள் அரங்கமாக மாற்றியிருந்தார்கள். சனிக்கிழமை மத்தியானமே ஒத்திகைக்குப் போன சமியுல்லா, முதலில் பாத்திரங்களை அடுக்கியிருந்த விதத்தைத் திருத்தினார். பிறகு விளக்கு வெளிச்சத்தைத் திருத்தினார். பிறகு மோனிஷாவிடம் வந்தார். பெண் வீட்டுச் சீருக்குப் பாத்திரம் வாங்க வருகிறவளாக நடிப்பவள் அவள்தான். அந்த நிகழ்ச்சி தொடங்கிய நாளிலிருந்து இருப்பவள்.

“விலை கேக்கும்போது கண்ணுல ஒரு பயம் தெரியணும்மா. தினமும் பார்க்கிறவன் நான், எனக்குத் தெரியும்.”

“சரிங்க சார்.”

“தூக்கிப் பார்க்கும்போது வலது கையால தூக்கு.”

“சரிங்க சார்” என்று சொல்லிவிட்டு மோனிஷா போய்த் தண்ணீர் குடித்தாள்.

சாயங்காலம் மண்டபம் நிறைந்துவிட்டது. திரை விலகியது. எதிரே இருந்த கேமராவின் தலையில் சிவப்பு விளக்கு எரிந்தது. மோனிஷா கடைக்குள் வந்து ஒரு பெரிய அண்டாவைக் காட்டிக் கேட்டாள்: “ஏனுங்ணா, இந்த அண்டா என்ன விலைங்க?”

‘அண்டா விலை கிடக்கட்டும், மாப்பிள்ளை என்ன விலைம்மா?’ என்பதுதான் சமியுல்லா சொல்ல வேண்டிய வசனம். அரிசி வாங்கும்போது, முகம் மழிக்கும்போது, தொழுகைக்கு நடந்து போகும் வழியில் என்று அந்த வாரம் முழுவதும் சொல்லிப் பார்த்த வசனம். அது இப்போது எங்கே போனது என்று தெரியவில்லை. வாயைத் திறந்தார். சிவப்பு விளக்கைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார்.

“அண்டா என்ன விலைங்க?” மோனிஷா இன்னொரு முறை கேட்டாள்.

சமியுல்லா அண்டாவைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி அண்டாவைப் பார்த்தார். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

அவருக்கு மூளைதான் நின்றுபோயிருந்தது, கை நிற்கவில்லை. முப்பது வருஷக் கடைப் பழக்கம். தோளில் கிடந்த துண்டை எடுத்து அண்டாவைத் துடைத்தது. விரலை மடக்கி ‘டொங்’ என்று தட்டியது. அந்தச் சத்தத்தை அவரே உற்றுக் கேட்டார், வசனம் அதற்குள் கிடக்கிறதோ என்பது போல. மண்டபம் கொல்லென்று சிரித்தது.

“ஏனுங்ணா, விலையைக் கேட்டு நான்தான் மயக்கம் போட்டு விழோணும்” என்றாள் மோனிஷா. “சொல்ற நீங்களே இப்படி நின்னா, அப்ப இந்த அண்டா என்ன விலையா இருக்கோணும்!”

விசில் பறந்தது. சமியுல்லா மூடியை எடுத்து அண்டாவை மூடினார், செத்தவன் முகத்தில் துணி போர்த்துகிற மாதிரி. அதற்கும் சிரித்தார்கள். மிச்ச மூன்று வசனங்களையும் மோனிஷாவே கேள்வியாகவும் பதிலாகவும் பேசி முடித்தாள். விளக்கு அணைந்தது.

குணசீலன் ஓடிவந்து கட்டிப்பிடித்துக்கொண்டார். “என்ன பாய், இப்பிடிப் பின்னிப்போட்டீங்க! அந்த முழி இருக்குதுங்களே… காசு குடுத்தாலும் கிடைக்காதுங்க!”

வீட்டுக்கு வருவதற்குள் போன் சூடாகிவிட்டது. ‘பேசாமலே கொன்னுட்டீங்க பாய்.’ ‘மௌன நடிப்புன்னா இது.’ அஜீஸா எல்லாவற்றையும் வாசிக்கக் கேட்டுவிட்டு, தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னாள்:

“மறந்துட்டீங்கதானே?”

சமியுல்லா தலையைக் குனிந்து சோற்றைப் பிசைந்தார்.

“நிக்காஹ் அன்னைக்கு ஹஜ்ரத் சம்மதமான்னு கேட்டப்பவும் இதே முழிதான் முழிச்சீங்களாம். எங்க அண்ணன் இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும்.”

மறுநாள் காலை அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். தலைவலி என்று ஒரு வாரம் விட்டுவிடலாம். ஆனால் அடுத்தவன் மறந்தபோது ஒரு வாரமாவது விட்டோமா? நேர்மை என்று ஒன்று இருக்கிறதே. தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

“நேத்து பாத்திரக் கடை நாடகம். கடைக்காரரா வந்த சமியுல்லா வசனத்தை மறந்துட்டாரு. அது மௌனமும் இல்லை, நடிப்பும் இல்லை. முழுசா மறந்துட்டாரு. அந்த நாடகத்தைத் தூக்கி நிறுத்துனது மோனிஷா. அவளை மட்டும் பாராட்டுங்க. அவ்வளவுதான்.”

அனுப்பிவிட்டுக் கடைக்குப் போனார். திரும்பப் பார்த்தபோது குழு முழுக்கச் சிரித்து உருளும் மஞ்சள் முகங்கள். ‘நாடகத்தைவிட இதுதான் டாப்பு.’ ‘என்ன தன்னடக்கம் பாய் உங்களுக்கு!’ விளையாட்டில்லை, நிஜமாகவே மறந்தேன் என்று இன்னொரு மெசேஜ் போட்டார். அதற்கு இன்னும் அதிகமாகச் சிரித்தார்கள். தங்கசாமி போனே போட்டுவிட்டார்.

“ஏனுங்க பாய், கோவிச்சுக்காதீங்க. இத்தனை நாளா நீங்க சொன்னதெல்லாம் சரிங்க. இந்த வாரந்தான் உங்களுக்கு விமர்சனம் பண்ணத் தெரியலீங்க.”

“மறந்தது நானய்யா! எனக்குத் தெரியாதா?”

“அவிய அவிய நடிப்பு அவியளுக்குத் தெரியாதுங்க” என்று ஆறுதல் சொல்லி வைத்தார் தங்கசாமி.

வீட்டுக்கு வெளியே அவரை நம்பிய ஒரே ஆள் மோனிஷா. மத்தியானம் கூப்பிட்டாள்.

“கேட்டேன் சார். நன்றிங்க.”

“உண்மையைத்தானேம்மா சொன்னேன்.”

“அதில்லைங்க சார். இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் என் பேரைச் சொல்லியிருக்கீங்க. இதுக்கு முன்னாடியெல்லாம் ‘அந்தப் பொண்ணு’தான். எங்கம்மா ஒவ்வொரு வாரமும் பேரு வருமான்னு போனைக் காதுல வெச்சுக் கேக்கும்.”

சமியுல்லாவுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. இந்த முறை எதிரே கேமராகூட இல்லை.

இத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் செவ்வாய்க்கிழமை குணசீலன் கடைக்கே நேரில் வந்துவிட்டார். கையில் வரும் சனிக்கிழமைக்கான நாடகம். ‘மோனிஷா விலை கேட்கிறாள். பாய் மறக்கிறார். அண்டாவைத் தட்டுகிறார்’ என்று தெளிவாக எழுதியிருந்தது.

“வசனமே இல்லைங்க. மறந்தாப் போதும்.”

வசனம் இல்லை என்பதால் மறப்பதற்கும் ஒன்றுமில்லை என்று சமியுல்லா தைரியமாக ஒப்புக்கொண்டார். அந்த வாரம் பீரோக் கண்ணாடி முன்னால் நின்று மறந்து பழகினார். கண்ணை எவ்வளவு விரிப்பது, எந்த இடத்தில் பெருமூச்சு விடுவது, எத்தனை முறை தட்டுவது எல்லாம் மனப்பாடம்.

சனிக்கிழமை மோனிஷா விலை கேட்டாள். சமியுல்லா அழகாக மறந்தார். கண் விரிந்தது, பெருமூச்சு வந்தது, ‘டொங்’ என்றது அண்டா. மண்டபத்தில் மின்விசிறி ஓடும் சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்சம் மறந்து பார்த்தார். முன்வரிசைக் குழந்தை ஒன்று, “அம்மா, தாத்தா ஏன் பேச மாட்டேங்கறாரு?” என்று கேட்டது. அதற்குச் சிரித்தார்கள். மோனிஷா சட்டென்று திரும்பி, “உனக்காவது தெரியுதே சாமி, நான் ரெண்டு வாரமா நிக்கறேன்!” என்றாள். அதற்குத்தான் அன்றைய பெரிய கைதட்டல்.

மறுநாள் காலை சமியுல்லா போனை அஜீஸாவிடம் நீட்டினார்.

“என்னால முடியலை. நீயே சொல்லு.”

“எனக்கென்ன தெரியும்?”

“நீயும்தானே பார்த்தே?”

அஜீஸா கையில் இருந்த ஈரத்தைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கினாள். “அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். நான் சமியுல்லா வூட்டுல பேசறேன். போன வாரம் இவரு நிஜமாவே மறந்தாரு, சிரிப்பு வந்துச்சு. நேத்து வேணும்னே மறந்தாரு, எனக்கே வரலை. மோனிஷா ரெண்டு வாரமும் நல்லா பண்ணுச்சு. நேத்து வந்ததுல ரேஷன் கடை நாடகம் சிரிச்சுச் சிரிச்சு எனக்கு வயிறு வலிச்சுது. மறுபடி போட்டா அதை எல்லாரும் பாருங்க. வெச்சுடறேன்.”

குழுவில் ஒருவர்கூட மறுத்துப் பேசவில்லை. ‘அக்கா சொன்னது நூத்துக்கு நூறு.’ ‘போன வாரம் பாய் நிஜமாத்தான் மறந்தாரா? அட!’ எல்லாவற்றுக்கும் கீழே தங்கசாமி: ‘இனிமே அக்காவே சொல்லட்டுமுங்க. சுருக்கமா இருக்குதுங்க.’

குணசீலன் அதன் பிறகு சமியுல்லாவைக் கூப்பிடவில்லை. நிகழ்ச்சி நடக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை அஜீஸா பேசுகிறாள். சமியுல்லா போனைப் பிடித்துக்கொண்டு எதிரே உட்காருகிறார். முதல் வாரத்தில், அவள் விளக்கு வெளிச்சம் சரியில்லாததைச் சொல்லாமல் விட்டுவிட்டாள். கையை ஆட்டி, மேலே காட்டி, பல்பைக் காட்டி ஜாடை செய்தார்.

“செத்த சும்மா இருங்களேன், பேசிட்டிருக்கேன்ல” என்றாள் அஜீஸா.

அதுவும் பதிவாகிவிட்டது. நாமக்கல் லாரி ஆபீஸ்களில் அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க அந்த ஒரு வரியைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார்களாம். அதில் அவள் குரல் கொஞ்சம் தள்ளிப் பதிவாகியிருந்தது, போனை வாய்க்கு நேரே திருப்பியிருக்க வேண்டும் என்பது சமியுல்லாவின் கருத்து.