மேற்கணக்குக்குப் போன செய்தி

டவர் இல்லாமலேயே ஒரு போனிலிருந்து அடுத்த போனுக்குத் தாவித் தாவிச் செய்தி போகிற வலையமைப்பு ஒன்றை வினோஜன் இரண்டு வருடமாகக் கட்டிக்கொண்டிருந்தான். இரண்டு வருடத்தில் செய்தி தேயிலைத் தோட்டத்தின் அடிவாரப் பிரிவான கீழ்க்கணக்கில், அவன் குடியிருந்த லயத்து வரிசை வீட்டிலிருந்து வீரய்யாவின் கடை வரைக்கும் போயிருந்தது. நடந்தே போனால் ஒரு பீடி அணைவதற்குள் போய்விடலாம். நத்தையாவது ஏறிய இடத்தில் நிற்கும். இவனுடையது ஒவ்வொரு திருத்தத்துக்கும் இரண்டு லயம் கீழே வழுக்கியது. கடையில் தேத்தண்ணி குடிக்கிறவர்கள், செய்தி இன்றைக்கு எந்த மரத்தடியில் படுத்திருக்கிறது என்று விசாரித்தார்கள்.

அவன் கவலை வேறு. தோட்டத்தின் மலைமேல் பிரிவான மேற்கணக்கில் சிக்னலே கிடையாது. அக்கா மீனம்மா அங்கேதான் இருந்தாள். போன வருட மழையில் அவள் இருந்த கடைசி வரிசையான தொங்கல் லயத்துக்கு மேலே சரிவில் மண் வெடிப்பு விட்டது. வந்து பார்த்த அதிகாரிகள் வீட்டை விட்டு எழும்பச் சொன்னார்கள். எங்கே போவதென்று சொல்லவில்லை. அக்கா வலப்பனைக்கு, மாமியார் வீட்டுக்குப் போக மூட்டை கட்டினாள். மறித்தவன் இவன்தான்.

"மாட்ட விட்டுட்டு எங்கக்கா போவ? ஆபத்துன்னா எனக்குத்தான் முதல்ல தெரியும். அடுத்த நிமிசம் உன் போன் அடிக்கும்."

அவள் மூட்டையை அவிழ்த்தாள். அன்றிலிருந்து இவனுக்குத் தூக்கம் குறைந்தது.

ஒருவழியாகப் பங்குனி மாதத்தில், வெயில் அடித்த ஒரு காலையில், 'சாப்டியாக்கா' என்ற கேள்வி மேற்கணக்கில் போய் விழுந்தது. 'ரொட்டி' என்று பதிலும் இறங்கி வந்தது. மனைவி தனுஷிகா பாயாசம் காய்ச்சினாள்.

ஐப்பசி மழையில் ஒரு பின்னேரம், நுவரெலியாவில் மண்சரிவு எச்சரிக்கை கொடுக்கும் கந்தோரில் வேலை பார்க்கும் கூட்டாளி விதுசன் போனில் கூப்பிட்டான். மேற்கணக்குச் சரிவு இன்றைக்குத் தாங்காது போலிருக்கிறது, ஆட்களை உடனே இறக்கச் சொன்னான். வினோஜன் செய்தியை அனுப்பினான். 'காத்திருக்கிறது' என்றது திரை.

தான் எழுதிய நிரலைத் தானே திட்டிக்கொண்டு உட்கார்ந்தான். முதல் இடிக்கே மடிக்கணினியின் வயரைப் பிடுங்கியிருந்ததால், மிச்சமிருந்த பேட்டரியில் பிழையைத் தேடினான். நேற்றைய திருத்தத்தை அழித்தான். முந்தாநாள் செய்ததையும் அழித்தான். மலையேறிப் போய்ச் சொல்லிவிட்டே வந்திருக்கக்கூடிய நேரம் அதில் போனது.

கடைசியில், சங்கிலியில் அடுத்த போன் தனுஷிகாவுடையதுதானே என்று அதைக் கேட்டான். சாமிப் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தாள். இருட்டாகக் கிடந்தது.

"இடி இடிக்குதுல்லங்க, அதான் அணைச்சு வச்சேன். எல்லாரும் அப்படித்தானே."

எல்லாரும் அப்படித்தான். வீரய்யா, அவருக்கு மேலே இருப்பவர்கள், அக்கா, யாருமே இடியில் போனைத் திறந்து வைப்பதில்லை. அது அவனுக்கும் பிறந்ததிலிருந்து தெரியும். மழைக்காகக் கட்டியதை வெயிலில் மட்டுமே சோதித்த மேதை, சட்டைகூட மாட்டாமல் மலையில் ஓடினான்.

பாதி வழியில் மேற்கணக்குச் சனங்கள் எதிரே இறங்கி வந்தார்கள். சுவர் பிளந்த சத்தத்துக்கே ஓடி வந்திருக்கிறார்கள். ஆட்கள் எல்லாரும் இருந்தார்கள். தொங்கல் லயம் இல்லை. மீனம்மாவின் கையில் மாட்டுக் கயிறு இருந்தது. மாடு வரவில்லை என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் காலை மழை கொஞ்சம் விட்டது. பாடசாலை மண்டபத்தில் பாய் விரித்திருந்தவர்கள் ஒவ்வொருவராகப் போனைத் திறந்தார்கள். வரிசையாக மணி அடித்தது. மீனம்மா எழுத்துக்கூட்டி வாசித்தாள்: 'அக்கா உடனே இறங்கு.'

"வந்துருச்சு தம்பி," என்றாள்.

அவள் குத்திக்காட்டவில்லை. இரண்டு வருடம் பாடுபட்டவனுக்கு நல்ல செய்தி சொல்வதாகத்தான் நினைத்தாள். அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

எழுந்து நின்றான். இனிமேல் எவ்வளவு இடி இடித்தாலும் யாரும் போனை அணைக்கக் கூடாது என்று எல்லாருக்கும் சொல்ல ஆரம்பித்தான். நானுஓயாப் பக்கம் வானம் உறுமியது. மண்டபம் முழுக்கக் கைகள் மடியிலும் பையிலும் இருந்த போன்களுக்குப் போயின.

முதலில் அணைந்தது அவனுடைய போன்.