வெளுத்த அனிமோன்

கடல் தண்ணீர்த் தொட்டியின் அடிமணலில் பழுப்பு வழவழப்பு படர்ந்தபோது, ரேகா அதைச் சாதாரணப் பாசி என்றே நினைத்தாள். ஆவடியில் தொழிற்சாலைத் தண்ணீரைச் சோதிப்பது அவள் வேலை. அழுக்கைக் கண்டால் கை சும்மா இருக்காது. மீன்களுக்குத் தீனியைக் குறைத்தாள். வாரம் இருமுறை தண்ணீர் மாற்றினாள். பாசி தின்று வளரும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்துக்கு இறங்கின. இனி எப்படி வளரும்?

வளர்ந்தது. நூல் நூலாக, நுனியில் குமிழியோடு பாறை வரை ஏறியது. அந்தப் பாறையில் மூன்று வருடமாக அவள் வளர்த்த அனிமோன் என்ற கடல் உயிர், பூவிதழ் போன்ற விரல்களைச் சுருக்கிக்கொண்டு எலுமிச்சை அளவுக்குக் குறுகி வெளுத்திருந்தது. அதைக் காப்பாற்றத்தான் காட்டுப்பாக்கத்தில் வண்ணமீன் கடை வைத்திருக்கும் ஜமீரிடம் போனாள். போனில் அவர் சொன்னபடி, ஒரு பாட்டில் தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் நூலைப் போட்டு எடுத்துப் போயிருந்தாள்.

ஜமீர் பாட்டிலை நன்றாகக் குலுக்கினார். நூல் கரைந்து தண்ணீர் டிகாஷன் நிறமானது. அதை டிஷ்யூ பேப்பரில் வடித்தார். கீழே தெளிந்த நீர் இறங்கியது. அதை விளக்கடியில் வைத்துவிட்டு டீ சொன்னார். பாசியென்றால் பேப்பரிலேயே தங்கிவிடும். டைனோ என்கிற ஒற்றைச் செல் உயிர் என்றால் துளை வழியே நழுவி, வெளிச்சம் கண்டதும் ஒன்றையொன்று தேடிப் பிடித்துக்கொள்ளும் என்றார்.

ஒரு மணி நேரத்தில் தெளிந்த நீருக்குள் பழுப்பு நூல் மறுபடி கோத்துக்கொண்டு நின்றது. பார்க்க அழகாகக்கூட இருந்தது.

"நீங்க சுத்தம் பண்ணதுதான்கா வெனையாப் பூட்ச்சு. மத்த பாசில்லாம் பட்டினில செத்துச்சு. எடம் காலியாச்சா, இது வந்து குந்திக்கிச்சு."

மூன்று நாள் வெளிச்சமே படாமல் தொட்டியை மூடி வைத்தால் டைனோ அடங்கும் என்றார். அனிமோன் தாங்குமா என்று கேட்டாள். அதன் உடம்புக்குள் குடியிருந்து, வெளிச்சத்தைச் சோறாக்கி ஊட்டுவதும் டைனோ வகைதானாம். வெளுத்துவிட்டது என்றால் அந்தச் சமையல்காரர்களில் பாதிப் பேர் ஏற்கெனவே வெளியேறிவிட்டார்கள். மிச்சப் பேரை இருட்டு விடாது.

"மூடாம விட்டா, பாய்?"

"அந்த நூலு சுத்திக்கினு மூச்ச அடச்சிரும்." டீ கிளாஸை நகர்த்தி வைத்தார். "ஆச வெச்சிக்காதீங்கக்கா."

மூடுவதற்கு முன், அனிமோன் மேல் ஓர் இறால் துணுக்கை வைத்துப் பார்த்தாள். விரல்கள் பிடிக்கவில்லை.

நான்காம் நாள் துணியை எடுத்தபோது மணலில் ஒரு நூலும் இல்லை. அனிமோன் பாறையை விட்டுக் கழன்று கஞ்சி போலக் கிடந்தது. விட்டுவைத்தால் தண்ணீர் கெட்டு மீன்களும் போய்விடும். கிண்ணத்தால் அள்ளினாள். பாதிதான் வந்தது, மீதி அவள் விரலிடுக்கில் வழிந்து தண்ணீரோடு கலந்தது.